நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு



இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதிலேயே நம்ம பக்கம் முழுக்கப் போய்விடும். ஆனால் பதில் பல பேருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் நிலம். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர். அதனால் நாற்று விடுவதிலிருந்து மூட்டை கட்டுவது வரைக்கும் இவர் தலையில்தான். உரக்கடையில் பாக்கி நிற்கிறது. வளையல் இரண்டும் அடகில். அவர் கேட்கிற கேள்வி இது:

"அக்கா, இந்த சம்பாவிலிருந்து உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஒரு மாடு இருந்தாலே போதும், சாணமும் கோமியமும் தெளித்தே விளைய வைக்கலாம் என்று சொல்கிறார்கள். இரண்டு ஏக்கரையும் அப்படியே மாற்றிவிடட்டுமா? இதுவும் சரியாக வரவில்லை என்றால் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார் இவர்."

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இதில் ஒரு போகம் மட்டும் போகப் போவதில்லை, நிலமே போகலாம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்யுங்கள் அம்மா. ஆனால் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். முதலில் விஷத்தை நிறுத்துங்கள். உரத்தைப் பிறகு, படிப்படியாகக் குறையுங்கள். இந்த வரிசையை மாற்றினால்தான் ஆபத்து.

கவரைப்பேட்டைக்குக் கிட்டே எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் உண்டு. எங்க வீட்டுக்காரரும் கம்பெனி வேலைதான். வயலும் வரப்பும் என் பாடு. ஆகவே, கேட்டவர் நிலைமை எனக்குப் புரியாதது இல்லை.

இலங்கை சொல்லும் இரண்டு பாடம்

விஷம் வேறு, உரம் வேறு என்று நான் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து நாடான இலங்கையிலேயே இரண்டையும் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பலன் இரண்டு விதமாக வந்தது.

1995-இல் இலங்கை அரசாங்கம் மிகக் கொடிய நச்சு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1998-இல் எண்டோசல்பானையும் தடுத்தது. அதனால் விளைச்சல் சரிந்துவிடவில்லை. அது மட்டுமா? அவசரத்தில், ஆத்திரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் அந்த பாட்டில் இல்லாமல் போனதால் தற்கொலைச் சாவு பத்து வருஷத்தில் பாதியாகக் குறைந்தது. எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் நின்றிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதே இலங்கையில் 2021-இல் ரசாயன உரம் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அத்தனை வயலுக்கும் போடத் தொழுவுரம் எங்கே? பசுந்தாள் எங்கே? ஏழு மாதம் கூட ஆகவில்லை, நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிபட்டு, சாதத்துக்கு அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நிலை வந்தது.

நம் நாட்டிலேயே சிக்கிம் மாநிலம் 2003-இல் தொடங்கி, 2016-இல்தான் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தது. நடுவில் பதின்மூன்று வருஷம். அங்கே முன்பிருந்தே உரம் போடுவது குறைவு. அவர்களுக்கே அத்தனை காலம் பிடித்தது என்றால் நாம் ஒரு சம்பாவில் மாற முடியுமா?

விஷத்தை நிறுத்தினால் பூச்சி தின்றுவிடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் வயலில் இருக்கிற பூச்சி எல்லாம் நெல்லைத் தின்கிற பூச்சி இல்லை. சிலந்தி, தட்டான், பொறிவண்டு எல்லாம் நமக்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிறவை. மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான். தின்கிற பூச்சி மறுபடி சீக்கிரமாகப் பெருகும். பிடித்துத் தின்ன ஆள் இருக்காது. பூனையை விரட்டிவிட்டு எலி பெருத்துவிட்டதே என்று அழுகிற கதைதான்.

இந்தோனேசியாவில் இப்படித்தான் புகையான் பெருகி நெல்லை அழித்தது. மருந்தடிக்க அடிக்கப் புகையான் அதிகமானது. 1986-இல் அந்த அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. நெல் உற்பத்தி குறையவில்லை.

வியட்நாமில் 1990-களில் இன்னொரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். விதைத்த முதல் நாற்பது நாளுக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்தே அடிக்காதே என்று. ஏன் தெரியுமா? இலை மடக்குப் புழு வந்ததும் வயல் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். ஆனால் இளம் பயிர் புது இலை விட்டு அதை ஈடு செய்துகொள்ளும். குழந்தைக்குப் பால்பல் விழுந்தால் பதறுகிறோமா? அந்த மாதிரி.

நம்ம மாவட்டத்துப் பெருமை ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று பேர் வைத்த ரகமெல்லாம் அங்கே வந்ததுதான். அதில் டி.கே.எம்.6 என்ற நெல்லைத் தண்டுத் துளைப்பான் அவ்வளவாகத் தாக்குவதில்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் உலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை வாங்கிக் கலப்புச் செய்து, 1969-இல் ஐ.ஆர்.20 என்று வெளியிட்டார்கள். நம் அம்மாக்கள் காலத்தில் வீடு வீடாகப் பொங்கிய அதே ஐ.ஆர். இருபதுதான்! பூச்சிக்கு முதல் வேலி விதைதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. விதை வாங்கும்போது, "எந்த ரகம் எந்தப் பூச்சியைத் தாங்கும்?" என்று வேளாண்மை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். மூட்டை எத்தனை வரும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

மருந்துக்குப் பதிலாக என்ன செய்வது?

1. பறவைக்கு உட்கார இடம். வயலில் அங்கங்கே பயிரைவிட உயரமாக 'டி' எழுத்து மாதிரி குச்சி நடுங்கள். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலியைப் பார்த்துக்கொள்ளும். ஆந்தை அலறினால் கெட்டது என்பார்கள். நெல் வயலில் அது லட்சுமி. கதிர் முற்றும் சமயத்தில் குச்சிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிக்கு அதுவே திண்ணையாகிவிடும்.

2. வேர்க்கடலைக்குக் காவல் பயிர். ஆனி, ஆடியில் மானாவாரிக் கடலை போடுகிற சகோதரிகளுக்குச் சிவப்புக் கம்பளிப்புழு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து இரண்டொரு நாளில் தாய் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும். அன்றைக்கே ஊர் சேர்ந்து சாயங்காலம் விளக்குப் பொறி வைத்தாலோ, வயலோரம் தீ மூட்டினாலோ கூட்டமாக வந்து விழும். கடலைக்கு நடுவே தட்டைப்பயறும் ஓரத்தில் ஆமணக்கும் போட்டால் முட்டை இடுவதற்கு அதைத்தான் தேடி வரும். அந்த இலைகளை முட்டையோடும் குஞ்சுப் புழுவோடும் கிள்ளி அழித்துவிடலாம். புழு பெரிதாகிவிட்டால் ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குப் படையாக நடக்கும். அப்போது வரப்போரம் ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகக் கால்வாய் வெட்டி வைத்தால் அதில் விழுந்து ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும். இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரரும் செய்தால்தான் பலன். ஆகவே அந்த ஒரு வாரத்துக்குப் பழைய மனஸ்தாபங்களைக் கொடியில் போட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொள்ளுங்கள்!

3. வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் மரத்தடியில் கொட்டுகிற பழத்தைப் பொறுக்கிச் சதையை அலசி, நிழலில் உலர்த்திச் சணல் சாக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். 10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு அரைக் கிலோ பருப்பு. ரவை பதத்துக்கு இடித்து, துணியில் முடிந்து, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் பால் வரும்வரை பிழியுங்கள். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், ஏனென்றால் வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். அடித்த உடனே புழு சாகவில்லையே என்று கேட்காதீர்கள். கசப்பால் தின்பதை நிறுத்தும், வளர்ச்சி கெடும். இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

இந்த வேம்பின் மேல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் அந்நாட்டு விவசாயத் துறையும் சேர்ந்து ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. வேப்பெண்ணெயால் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறை தங்களுடையது என்று 1994-இல் வாங்கினார்கள். நம் பாட்டிமார் செய்ததைப் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்றால் விடுவார்களா? வழக்காடி 2000-இல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். மேல்முறையீட்டிலும் 2005-இல் அதே தீர்ப்புதான். உலகமே போட்டி போட்ட பொருள் நம்ம தெருவில் செருப்புக்கடியில் மிதிபடுகிறது.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை: இயற்கையானது என்பதால் வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குச் சளிக்கென்று புகட்டாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. வயலுக்கு வைத்த எண்ணெயை அடுக்களைக்குக் கொண்டுவர வேண்டாம்.

உரம்: எது சோறு, எது ஊறுகாய்?

இப்போது கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாணமும் கோமியமும் தெளித்தே நெல் விளையுமா?

நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால் வீட்டுக்கணக்குத் தெரிந்தவளுக்கு இந்தக் கணக்கும் வரும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஐம்பது கிலோ அளவில் தழைச்சத்து சிபாரிசு செய்கிறார்கள். ஜீவாமிர்தம் என்று ஒரு ஏக்கருக்குக் கரைப்பது என்ன? 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர். நிழலில் இரண்டு நாள் வைத்துக் கலக்கிவிட வேண்டும். மகாராஷ்டிரத்து சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது. அவருக்கு 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதில் இருக்கும் தழைச்சத்தை எல்லாம் கூட்டினாலும் கால் கிலோவைத் தாண்டாது. ஐம்பது கிலோ வேண்டிய இடத்தில் கால் கிலோ. கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அப்படியானால் அது வீணா? இல்லை. அது உரம் இல்லை, உறை மோர். மண்ணில் இருக்கும் தழையையும் வைக்கோலையும் மக்க வைக்கும் நுண்ணுயிர்களை அது பெருக்கும். பால் இருந்தால்தானே உறை ஊற்றித் தயிராக்கலாம்? வெறும் பாத்திரத்தில் உறை மோரை ஊற்றி மூடி வைத்தால் காலையில் என்ன இருக்கும்?

பஞ்சகவ்யமும் அப்படித்தான். கொடுமுடி டாக்டர் நடராஜன் இதைத் தமிழ்நாட்டு விவசாயிகளிடம் கொண்டு போனார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் செய்முறை கொடுத்திருக்கிறது. பசுஞ்சாணம் 7 கிலோவை நெய் 1 கிலோவோடு பிசைந்து மூன்று நாள் வைத்து, கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்து, பதினைந்து நாள் காலை மாலை கலக்க வேண்டும். பிறகு பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் பழம் 12. முப்பது நாளில் தயார். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் வீதம் தெளிக்கலாம். காய்கறிக்கும் பூச்செடிக்கும் இது நல்ல ஊக்கம். ஆனால் ஒரு கிலோ நெய்யும் மூன்று லிட்டர் பாலும் நம் வீட்டில் என்ன விலை என்று நமக்குத் தெரியாதா? பிள்ளைக்கு இல்லாத நெய்யை நெல்லுக்கு ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் மாடும் மோரும் மிஞ்சுகிற வீட்டுக்கு இது சரி. ஊறுகாய் நன்றாக இருந்தால் சாப்பாடு ருசிக்கும். ஊறுகாயே சாப்பாடு ஆகாது.

அப்படியென்றால் சோறு எது? பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு விதையை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில், அதாவது 45 நாளில், சேற்றோடு மடக்கி உழுதுவிடுங்கள். நன்றாக வளர்ந்திருந்தால் 30, 40 கிலோ தழைச்சத்து மண்ணுக்குக் கிடைக்கும். யூரியா மூட்டை 45 கிலோ என்றால் அதில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம்தான். அப்படியானால் ஒன்றரை, இரண்டு மூட்டை யூரியாவை அந்தச் செடியே காற்றிலிருந்து பிடித்து வைக்கிறது. வேரில் முண்டு முண்டாக இருப்பதைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதுதான் தொழிற்சாலை. நம்ம ஊரில் எத்தனையோ கம்பெனி வந்துவிட்டது, புகையில்லாத கம்பெனி இது ஒன்றுதான்!

சொர்ணவாரி போடாத வயலில் வைகாசி மழைக்கு விதைத்துவிட்டால் சம்பா நடவுக்கு முன் மடக்கி உழ நாள் சரியாக இருக்கும். அதன் மேல் ஜீவாமிர்தத்தைப் பாசனத்தோடு விடுங்கள். இப்போது பாலும் இருக்கிறது, உறையும் இருக்கிறது.

மிச்ச யூரியாவையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். இலை வண்ண அட்டை என்று ஒரு சின்னப் பட்டை கிடைக்கும். பச்சை நிறம் வரிசையாக இருக்கும். இலையை அதில் வைத்துப் பார்த்து, வெளிறி இருந்தால் மட்டும் போட வேண்டும். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் வயலைப் பார்த்து ஊரார் மெச்சலாம். ஆனால் இலை மடக்கியும் புகையானும் அங்கேதான் முதலில் விருந்துக்கு வரும். யூரியாவைக் குறைத்தால் மருந்துச் செலவும் தானே குறையும்.

ஒற்றை நாற்று

இதில் ஒரு பைசா மருந்தும் இல்லை, நடுகிற முறையில்தான் எல்லாம். ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவில் ஆன்றி டி லோலானி என்ற பாதிரியார் விவசாயிகளோடு வேலை செய்து, 1983-இல் கண்டது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்று பேர் வைத்தார்கள். பதினாலு நாள் நாற்றாக எடுத்து, குத்துக்கு ஒன்றே ஒன்றாக, முக்கால் அடி, முக்கால் அடி சதுரமாக நட வேண்டும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல் காயவிட்டுக் காயவிட்டுக் கட்ட வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை கோனோவீடர் உருட்டினால் களை சேற்றில் மடிந்து அதுவே உரமாகும்.

முதல் பதினைந்து நாளைக்கு வயல் வழுக்கைத் தலை மாதிரிதான் இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் துக்கம் விசாரிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தூர் கட்டியதும் வாய் அடங்கும். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். தண்ணீர் வடியாத பள்ளக்கால் வயலுக்கு இது ஆகாது. அடுத்தது, கோனோவீடர் தள்ளுவது லேசான வேலை இல்லை, இடுப்பைப் பிடிக்கும். இதை நம் தலையிலேயே சுமத்திக்கொள்ளாமல், ஷிப்டு இல்லாத நாளில் வீட்டு ஆண்பிள்ளைகளைத் தள்ளச் சொல்லுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

விஷத்தை "மருந்து" என்றே சொல்லிச் சொல்லி நமக்கு அதன் மேல் பயம் விட்டுப்போய்விட்டது. இந்த வருஷமே நிறுத்த முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள். பாட்டிலை அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ பரண் மேலோ வைக்காமல் பூட்டு போட்ட பெட்டியில் வையுங்கள். காலி பாட்டிலில் எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். அடித்த வயலில் உடனே களை எடுக்க இறங்காதீர்கள். அடித்தவர் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. 108-க்குச் சொல்லி, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

சாணக் கரைசலுக்கும் சுத்தம் வேண்டும். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி இவற்றைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம். அவற்றின் மேல் சாணம் கலந்த எதையும் பறிக்கும் சமயத்தில் தெளிக்காதீர்கள். பச்சைச் சாணி போட்ட மண்ணில் விளைந்ததை 120 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை விவசாயச் சட்டமே சொல்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு இயற்கை, செயற்கை என்ற வித்தியாசம் தெரியாது. கையில் காலில் புண் இருந்தால் சாணியில் கை வைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டும் பத்து சென்ட்டும்

இயற்கை விவசாயம் என்றால் நம் எல்லோருக்கும் நம்மாழ்வார் ஐயா நினைவு வரும். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, 1969-இல் அதை விட்டுவிட்டு, 2013 டிசம்பரில் கண் மூடும் வரை ஊர் ஊராக நடந்தவர். கரூர் மாவட்டத்தில் அவர் ஏற்படுத்திய வானகத்தில் இன்றும் பயிற்சி நடக்கிறது. தமிழ்நாடு அரசும் 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. காலம் நம் பக்கம் திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் யார் சொன்னாலும் நம் மண்ணில் சரிபார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டு ஏக்கரில் பத்து சென்ட்டை மட்டும் வரப்பு கட்டிப் பிரியுங்கள். அங்கே உரமே இல்லாமல் முழு இயற்கை முறை. பக்கத்திலேயே இன்னொரு பத்து சென்ட் வழக்கம் போல. இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே நாள் நடவு. அறுவடையில் தனித்தனியாக எடை போடுங்கள். ஒரு நோட்டில் செலவை எழுதுங்கள். அதில் முக்கியமாக நம் கைக்கூலியையும் எழுதுங்கள். கரைசல் கலக்கிய நேரம், வேப்பங்கொட்டை இடித்த நேரம் எல்லாம் யாருடையது? "செலவே இல்லாத விவசாயம்" என்று மேடையில் சொல்லும்போது பெண்ணின் உழைப்பைத்தான் பல சமயம் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

மூட்டை இரண்டு குறைந்தாலும், கடைப் பாக்கி அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் அது லாபம்தான். அடகுக் கடைக்கு மூட்டைக் கணக்கு தேவையில்லை, கையில் நிற்கும் பணம்தான் தேவை. ஆனால் "இயற்கை நெல்" என்று முதல் வருஷமே கூடுதல் விலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். சான்று வாங்கவே நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருஷம் பழக வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

முதல் வருஷம்: பூச்சி விஷம் நிறுத்தம். தாங்கும் ரகம், பறவைக் குச்சி, காவல் பயிர், வேப்பங்கொட்டை. உரம் வழக்கம் போல, இலை வண்ண அட்டை பார்த்து.

இரண்டாம் வருஷம்: தக்கைப்பூண்டு மடக்கி உழுது, யூரியா பாதி. ஜீவாமிர்தம் கூட.

மூன்றாம் வருஷம்: பத்து சென்ட் நோட்டுக் கணக்கைப் பார்த்து, அது சொல்லும் அளவுக்கு மட்டும் மேலே போவது.

இதைச் சகோதரி தன் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டலாம். நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒரு போகத்தின் தோல்வியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மூன்று வருஷ நோட்டை வைத்துப் பேசுவோம் என்று சொல்லுங்கள். கம்பெனி வேலை பார்க்கிறவருக்குக் கணக்கு நோட்டின் மதிப்பு தெரியும்.

வேப்பம்பழம் பொறுக்கும் பருவத்தை யாரும் தவறவிடாதீர்கள். அடுத்த இதழில், கடலைப் பயிரில் ஊடுபயிராகத் துவரையும் உளுந்தும் போடுவது பற்றி எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் பாட்டிமார் செய்த பூச்சி விரட்டும் முறை ஏதாவது இருந்தால் அளவோடு எழுதி அனுப்புங்கள். "கொஞ்சம் போடு, நிறையப் போடு" என்று எழுதாமல் படியா, கிலோவா என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நன்றாக இருப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்.